சதவீதத்துக்கு அடியில் நிற்கும் எண்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்னிந்தியாவின் எழுத்தறிவு வீதம் இது: கேரளம் 94.00, புதுச்சேரி 85.85, தமிழ்நாடு 80.09, கர்நாடகம் 75.36, தெலங்கானா பிரியாத அன்றைய ஆந்திரப் பிரதேசம் 67.02. ஐந்தும் சதவீதங்கள். இவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று ஒரே எண்ணில் சொல்ல வேண்டுமானால், பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை மறக்காதவர்கள் உடனே திட்ட விலக்கம் கண்டுபிடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். 1893இல் கார்ல் பியர்சன் அந்தப் பெயரைச் சூட்டிய நாளிலிருந்து சிதறலை அளக்க நம் கை முதலில் தேடும் கருவி அதுதான்.

போட்டுப் பார்ப்போம். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 80.46. கேரளம் அதற்கு 13.54 மேலே, ஆந்திரம் 13.44 கீழே, புதுச்சேரி 5.39 மேலே, கர்நாடகம் 5.10 கீழே. தமிழ்நாடு வெறும் 0.37 கீழே, கிட்டத்தட்ட சராசரியின் மேலேயே நிற்கிறது. விலக்கங்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் 419.16. ஐந்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 9.16. ஐந்துக்குப் பதில் நான்கால் வகுத்தால் 10.24. எதால் வகுப்பது? தென்னிந்தியா முழுவதும் இந்த ஐந்தில் அடங்கிவிட்டதென்றால் ஐந்து. பெரிய கூட்டத்திலிருந்து ஐந்தை மட்டும் கூறாக எடுத்து, கூட்டத்தின் சிதறலை அதிலிருந்து மதிப்பிடுவதானால் நான்கு. எக்செல்லில் இரண்டுக்கும் தனித்தனி வாய்ப்பாடு உண்டு. கட்டத்துக்குள் 94% என்று தெரிந்தாலும் எக்செல் அதை 0.94 ஆகத்தான் வைத்திருக்கும் என்பதால் விடை 0.0916 என்று வந்து சிலரைத் திகைக்க வைக்கும். நூறால் பெருக்கிக்கொண்டால் போதும்.

கணக்கு இவ்வளவுதான். ஆனால் வந்த விடைக்கு என்ன பொருள் என்று கேட்டால், சதவீதங்கள் மற்ற எண்களைப் போல நடந்துகொள்வதில்லை என்பது தெரியவரும். மாணவர்களின் உயரத்துக்கோ மூட்டைகளின் எடைக்கோ திட்ட விலக்கம் கண்டு பழகிய கை, சதவீதத்தைத் தொடும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நாம் எழுதும் ஒவ்வொரு சதவீதமும் ஒரு பின்னம். மேலே இருந்த எண்ணும் கீழே இருந்த எண்ணும் மறைந்து, அவற்றின் உறவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கீழ் எண்ணைத் தேடிப் போவதுதான்.

முதலில் அலகு. 9.16 என்பது 9.16 சதவீதம் அல்ல, 9.16 சதவீதப் புள்ளி. ஒரு தொகுதியில் வாக்குப்பதிவு 70லிருந்து 75 ஆனால் உயர்வு 5 புள்ளி. சதவீதத்தில் சொன்னால் 7.1. செய்தித்தாள்களில் இரண்டும் ஒன்றுபோலவே ‘5 சதவீதம் உயர்வு’ என்று அச்சாகின்றன. வட்டி வீதச் செய்திகளில் மட்டும் ‘25 அடிப்படைப் புள்ளிகள்’ என்று கவனமாக எழுதுகிறார்கள். காசு சம்பந்தப்பட்ட இடத்தில் வந்த இந்த ஒழுக்கம் பள்ளித் தேர்ச்சிக்கும் தடுப்பூசிக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை.

அலகைவிடப் பெரிய சிக்கல் எடை. 2011இல் ஆந்திரத்தில் 8 கோடியே 46 லட்சம் பேர் இருந்தார்கள். புதுச்சேரியில் 12 லட்சத்து 48 ஆயிரம். கிட்டத்தட்ட 68 மடங்கு வித்தியாசம். மேலே போட்ட கணக்கில் இரண்டுக்கும் ஒரே குரல். எழுத்தறிவு வீதம் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. அந்த எண்ணிக்கையை எடையாக வைப்பதே மிகச் சரி. இங்கே எளிமைக்காக மொத்த மக்கள்தொகையையே எடையாக வைக்கிறேன். நிறையிட்ட சராசரி 76.4க்கு இறங்கிவிடுகிறது. அதைச் சுற்றி நிறையிட்டுக் கண்ட திட்ட விலக்கம் 8.66. சராசரி நான்கு புள்ளி இறங்கியதற்குக் காரணம் வெளிப்படை: மிகப் பெரிய மாநிலம் கடைசியில் நிற்கிறது, மேலே நிற்கும் இரண்டில் ஒன்று மிகச் சிறியது.

எது சரியான விடை? கேள்வியைப் பொறுத்தது. ஐந்து அரசுகளின் கல்வித் துறைகளை ஒப்பிடுகிறோம் என்றால் ஒவ்வொரு அரசும் ஒன்றுதான், எடை தேவையில்லை. தென்னிந்தியாவில் வாழும் மனிதர்கள் எவ்வளவு ஏற்றத்தாழ்வான சூழலில் இருக்கிறார்கள் என்று கேட்டால் எடை போட்டே ஆக வேண்டும். சதவீதங்களின் சராசரியை வெறுமனே கூட்டி வகுப்பது தவறு என்று சிலர் பொத்தாம்பொதுவாகச் சொல்வதுண்டு. தவறு என்று சொல்ல மாட்டேன். எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

இதே பட்டியலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வீதம்: கேரளம் 6.00, புதுச்சேரி 14.15, தமிழ்நாடு 19.91, கர்நாடகம் 24.64, ஆந்திரம் 32.98. சராசரி 19.54. திட்ட விலக்கம் அதே 9.16, ஒரு துளியும் மாறாது. 100லிருந்து கழிப்பது கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. இடமும் வலமும் மாறும், தூரம் மாறாது. ஆனால் பாடப் புத்தகத்தில் திட்ட விலக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் வரும் மாறுபாட்டுக் கெழு இந்தத் திருப்பலைத் தாங்காது. திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் எழுத்தறிவுக்கு 11.4 வருகிறது. எழுத்தறியாமைக்கு 46.9. அதே மாநிலங்கள், அதே மக்கள், அதே ஆண்டு. ஒருவர் ‘தென் மாநிலங்கள் ஏறக்குறையச் சமமாக இருக்கின்றன’ என்றும், இன்னொருவர் ‘மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு’ என்றும் ஒரே தரவிலிருந்து எழுதிவிடலாம், இருவர் கணக்கிலும் பிழை இருக்காது. சதவீதங்களுக்கு மாறுபாட்டுக் கெழு போடாமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பக்கத்தை ‘வெற்றி’ என்று பெயரிடுகிறோம் என்பதை வைத்து மாறிவிடும் அளவை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொரு தொல்லை கூரை. நான்கால் வகுத்து வந்த 10.24ஐ எடுத்துக்கொண்டு, வழக்கமாகச் செய்வதுபோல் சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் மேலே போனால் 80.46 + 20.48 = 100.94. எழுத்தறிவு 101 சதவீதம் இருக்க முடியுமா? உயரத்துக்கும் எடைக்கும் பொருந்தும் மணி வடிவ வளைவைச் சதவீதத்துக்கு மாட்டினால், 0க்கும் 100க்கும் அருகே போகும்போதெல்லாம் இப்படி முட்டிக்கொள்ளும். அந்தக் கூரைக்கு அருகே ஒவ்வொரு புள்ளியும் கனமானது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடைவெளி 14 புள்ளி, தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் 13 புள்ளி. பார்க்க ஒரே தூரம். எழுத்தறியாத ஒருவருக்கு எழுத்தறிந்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆந்திரத்தில் 2 பேர், தமிழ்நாட்டில் 4 பேர், கேரளத்தில் கிட்டத்தட்ட 16 பேர். முதல் தாவல் இரண்டு மடங்கு, அடுத்த தாவல் நான்கு மடங்கு. கடைசிச் சில வீடுகளுக்கும் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை இந்த அளவுகோல்தான் காட்டுகிறது. அதனால்தான் புள்ளியியலாளர்கள் 90க்கு மேலும் 10க்குக் கீழும் புழங்கும் சதவீதங்களை இப்படிப்பட்ட விகிதமாக மாற்றி, அதன் மடக்கையை எடுத்து, பிறகு சிதறலை அளக்கிறார்கள். 30க்கும் 70க்கும் நடுவே எல்லா எண்களும் இருந்தால் இந்தச் சிரமம் வேண்டாம். எப்படி அளந்தாலும் கதை ஒன்றுபோலத்தான் வரும்.

இப்போது கீழ் எண்ணுக்கு வருவோம். மாநிலத்தை விட்டுத் தனி மனிதருக்கு இறங்கினால் சதவீதம் என்பதே கிடையாது. ஒருவர் எழுத்தறிந்தவர் அல்லது அறியாதவர், 100 அல்லது 0. தென்னிந்தியா முழுவதையும் இப்படி 100களும் 0களுமாக எழுதி வைத்தால் அந்த 25 கோடி எண்களின் சராசரி அதே 76.4 வரும். திட்ட விலக்கம்? இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. சராசரியையும், 100லிருந்து அதைக் கழித்தால் வருவதையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 76.4ஐயும் 23.6ஐயும் பெருக்கினால் ஏறக்குறைய 1800, வர்க்கமூலம் 42.5. இதுதான் உச்ச எல்லையும்கூட. சராசரி 76.4 ஆக உள்ள எந்தச் சதவீதத் தொகுப்பின் சிதறலும், எல்லாரும் இரு முனைகளிலும் போய் நிற்கும் இந்த நிலையைத் தாண்ட முடியாது. இந்த எல்லையைப் பொதுவான வடிவில் 2000இல் எழுதிக் காட்டியவர்கள் இந்தியக் கணிதவியலாளர் ராஜேந்திர பாட்டியாவும் சாண்ட்லர் டேவிஸும். நீங்கள் கண்ட திட்ட விலக்கம் 50ஐத் தாண்டியிருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம், பெரும்பாலும் கூட்டல் கழித்தலில் எங்கோ பிசகு.

தனி மனிதர்களைச் சேர்த்துக் கூட்டமாக்கும்போது சிதறல் சுருங்குகிறது. எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கண்டவர் ஆப்ரகாம் த மாவ்ர். 1685இல் பிரான்சில் புராட்டஸ்டன்ட்களுக்கு இருந்த பாதுகாப்பு பறிக்கப்பட்டபின் லண்டனில் அடைக்கலம் புகுந்தவர். பெரிய கணித மேதை. ஆனால் ஒரு பேராசிரியர் பதவிகூடக் கிடைக்காமல், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் காபிக் கடைகளில் சூதாடிகளுக்கு நிகழ்தகவுக் கணக்குப் போட்டுக் கொடுத்தும் காலம் தள்ளினார். 1730களில் அவர் கண்டது இது: கூட்டத்தின் அளவு 4 மடங்கானால் தற்செயல் சிதறல் பாதியாகும், 100 மடங்கானால் பத்தில் ஒன்றாகும். வர்க்கமூலத்தின் வேகத்தில்தான் அது குறையும், அதற்கு மேல் ஓடாது.

பொதுத் தேர்வு முடிவு நாளை வைத்து இதைப் பார்க்கலாம். எல்லா மாணவர்களுக்கும் தேர்ச்சி வாய்ப்பு சரியாக 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர்களின் உழைப்பில் வேறுபாடு இல்லை, பிள்ளைகளின் திறமையில் வேறுபாடு இல்லை, எல்லாப் பள்ளிகளும் ஒன்றே. 90ஐயும் 10ஐயும் பெருக்கினால் 900, வர்க்கமூலம் 30. 20 பேர் எழுதும் பள்ளியில் 30ஐ 20இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் தேர்ச்சி வீதத்தின் தற்செயல் திட்ட விலக்கம் 6.7 புள்ளி. 400 பேர் எழுதும் பள்ளியில் 1.5 புள்ளி. 20 பேர் பள்ளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒன்று நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும். 400 பேர் பள்ளி இந்த நிலையில் நூறைத் தொடவே தொடாது. மறுநாள் காலை நாளிதழில் சாதனைப் பள்ளிகள் என்று வரும் பட்டியலில் சின்னப் பள்ளிகள் நிறைந்திருக்கும். கல்வி அதிகாரி விளக்கம் கேட்டு அனுப்பும் பட்டியலிலும் சின்னப் பள்ளிகளே நிறைந்திருக்கும். இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. 80 சதவீதம் வந்துவிட்டதே என்று ஒரு மலைக்கிராமத் தலைமையாசிரியரைக் கூண்டில் ஏற்றும்போது, அந்தப் பள்ளியில் தேர்வு எழுதியவர்கள் 20 பேர் என்றால், அவரைத் தண்டிப்பது இரண்டு பிள்ளைகளின் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். எனக்கு இந்தக் கணக்கு முக்கியமாகப் படுவதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவின் 3000க்கு மேற்பட்ட கவுன்ட்டிகளில் சிறுநீரகப் புற்றுநோய் வீதத்தை வரைபடமாக்கியபோது இதே தோற்றம் எழுந்தது. வீதம் மிகக் குறைந்த கவுன்ட்டிகள் பெரும்பாலும் ஆள் குறைந்த கிராமப் பகுதிகள். சுத்தமான காற்று, கலப்படமில்லாத உணவு என்று காரணம் சொல்லத் தோன்றும். வீதம் மிகக் கூடிய கவுன்ட்டிகளும் அதே மாதிரியான கிராமப் பகுதிகள். மருத்துவ வசதி இல்லை, வறுமை என்று இதற்கும் காரணம் சொல்லலாம். உண்மையில் இரண்டுக்கும் பொதுவானது சின்ன மக்கள்தொகை. அபூர்வமான நோயில் ஒரே ஒரு மரணம் சின்ன ஊரைப் பட்டியலின் உச்சிக்குத் தூக்கிவிடும், அந்த ஒன்றும் நேராவிட்டால் அடிக்கு இறக்கிவிடும். இதை விளக்கி 2007இல் எழுதிய புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர், த மாவ்ரின் சமன்பாட்டை மிக ஆபத்தான சமன்பாடு என்று அழைத்தார். அது தெரியாமல் இருப்பதால் வரும் ஆபத்தைத்தான் அவர் சொன்னார்.

ஆக, சதவீதங்களின் தொகுப்பு ஒன்றுக்குத் திட்ட விலக்கம் கண்டால் அதற்குள் இரண்டு சிதறல்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி உண்மையிலேயே உள்ள வேறுபாடு. மற்றொன்று, எதுவும் வேறுபடாவிட்டாலும் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் வந்து சேரும் தற்செயல் ஆட்டம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டா என்று 1870களில் கேட்டவர் ஜெர்மானியப் பொருளியலாளர் வில்ஹெல்ம் லெக்சிஸ். அவருடைய யோசனை வியக்கத்தக்க எளிமை கொண்டது. கண்ணால் கண்ட திட்ட விலக்கத்தை, தற்செயல் மட்டுமே இருந்தால் வர வேண்டிய திட்ட விலக்கத்தால் வகுத்துப் பார். விடை 1 என்றால் எல்லாம் குலுக்கல்தான். 1க்கு மேல் போனால் உள்ளே உண்மையான வேறுபாடு இருக்கிறது. பிரஷ்யாவின் மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளில் ஆண்-பெண் விகிதத்தைச் சோதித்தபோது விடை ஏறக்குறைய 1 வந்தது. இறப்பு, தற்கொலை போன்ற மற்றப் புள்ளிவிவரங்களில் 1ஐ வெகுவாகத் தாண்டியது.

பிறப்பு விகிதம் அப்படி முழுக்க முழுக்கக் குலுக்கல்தானா? அதே ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் பிறப்பைப் பதிவு செய்ய வரும் பெற்றோர் தமக்கு முன்பே பிறந்த பிள்ளைகளின் பாலினத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. 1876 முதல் 1885 வரையான அந்தப் பதிவுகளைத் தொகுத்து ஆர்தர் கைஸ்லர் 1889இல் வெளியிட்ட அட்டவணைகள் இன்றுவரை புள்ளியியல் வகுப்புகளில் உலவுகின்றன. அதில் 12 பிள்ளைகளின் விவரம் உள்ள குடும்பங்கள் மட்டும் 6115. ஒவ்வொரு குடும்பமும் ஒரு சதவீதம். பன்னிரண்டில் ஆண் எத்தனை என்பதே அது. ஆண் பிள்ளையே இல்லாத குடும்பம் 3. ஓர் ஆண் 24, இரண்டு ஆண் 104, மூன்று 286, நான்கு 670, ஐந்து 1033, ஆறு 1343, ஏழு 1112, எட்டு 829, ஒன்பது 478, பத்து 181, பதினொன்று 45. பன்னிரண்டும் ஆணாக அமைந்த குடும்பம் 7.

இங்கே எல்லாச் சதவீதங்களுக்கும் அடியில் ஒரே எண், 12. எடைச் சிக்கல் இல்லாததால் உள்ளே இருப்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஆண் பிள்ளைகளின் மொத்தம் 38,100. மொத்தப் பிள்ளைகளில் அது 51.9 சதவீதம். 6115 குடும்பச் சதவீதங்களின் திட்ட விலக்கம் 15.57 புள்ளி. தற்செயல் மட்டும் என்றால்? 51.9ஐயும் 48.1ஐயும் பெருக்கி, 12ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 14.42 புள்ளி. லெக்சிஸின் விகிதம் 1.08. முதல் பார்வையில் 1க்கு அருகேதான் இருக்கிறது. ஆனால் 6115 குடும்பங்கள் இருக்கும்போது 8 சதவீத மிகுதி என்பது அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. முனைகளைப் பாருங்கள். குலுக்கல் கணக்குப்படி பன்னிரண்டும் ஆண் என்ற குடும்பம் 2 அல்லது 3 இருக்க வேண்டும், 7 இருக்கிறது. பன்னிரண்டும் பெண் 1 இருக்க வேண்டும், 3 இருக்கிறது. ஏழு ஆண் உள்ள குடும்பங்கள் 1266 இருக்க வேண்டும், 1112தான். நடுவிலிருந்து கொஞ்சம் கழன்று இரு ஓரங்களிலும் சேர்ந்திருக்கிறது.

உண்மையான வேறுபாடு எவ்வளவு? திட்ட விலக்கங்களை நேராகக் கழிக்கக் கூடாது. சேர்வதும் கழிவதும் அவற்றின் வர்க்கங்கள்தான். 15.57இன் வர்க்கத்திலிருந்து 14.42இன் வர்க்கத்தைக் கழித்தால் 34 சொச்சம். வர்க்கமூலம் ஏறக்குறைய 6. நேராகக் கழித்திருந்தால் 1.15 என்று வந்து, பொருட்படுத்த வேண்டாத ஒன்றாகத் தோன்றியிருக்கும். அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும் ஆண் பிறக்கும் வாய்ப்பு ஒரே 51.9 இல்லை, தம்பதிக்குத் தம்பதி அது சுமார் 6 புள்ளி திட்ட விலக்கத்தோடு ஏறி இறங்குகிறது என்று இந்தத் தரவு சொல்கிறது. 46 வாய்ப்புள்ள பெற்றோரும் 58 வாய்ப்புள்ள பெற்றோரும் அந்தக் கூட்டத்தில் சகஜம். ஒரே கருவிலிருந்து பிரியும் இரட்டையர் ஒரே பாலாக இருப்பது இதில் ஒரு சிறு பங்கு. ஆணோ பெண்ணோ விரும்பியது கிடைத்ததும் பெற்றோர் நிறுத்திக்கொள்வதும், பதிவில் நேர்ந்த பிழைகளும் எவ்வளவு பங்கு வகித்தன என்று ஆய்வாளர்கள் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இந்த அட்டவணைகளைக் கிளறியிருக்கிறார்கள். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தம் 1925ஆம் ஆண்டுப் பாடநூலில் இதே கைஸ்லரின் எட்டுப் பிள்ளைக் குடும்பங்களை, மொத்தம் 53,680 குடும்பங்களை, எடுத்துக்கொண்டு இந்த மிகுதியைக் காட்டினார். அது தொகுப்பு முழுவதும் படிந்திருந்தது.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. 15.57 என்ற பெரிய எண்ணை மட்டும் பார்த்த ஒருவர் ‘சாக்சனிக் குடும்பங்கள் பாலின விகிதத்தில் பெரிதும் வேறுபட்டன’ என்று எழுதியிருப்பார். அந்தச் சிதறலின் வர்க்கத்தில் ஏழில் ஆறு பங்கு வெறும் தற்செயல். 12 பிள்ளைகள் என்பது குடும்பத்துக்குப் பெரிய எண்ணிக்கை, சதவீதத்துக்கு மிகச் சின்ன எண்ணிக்கை.

லெக்சிஸின் விகிதம் 1க்குக் கீழே போனால் என்ன ஆகும்? சதவீதங்கள், தற்செயல் அனுமதிக்கும் அளவைவிட நெருக்கமாக ஒட்டி நிற்கின்றன என்று பொருள். இதற்கு அறிவியல் வரலாற்றிலேயே மிகவும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு கிரெகர் மெண்டலின் பட்டாணி. 1865இல் புரூன் நகரில் அவர் அறிவித்து மறு ஆண்டு அச்சான ஏழு சோதனைகளில் ஓங்கு பண்பு தோன்றிய அளவு: விதை வடிவம் 7324இல் 5474, அதாவது 74.74 சதவீதம். விதை நிறம் 8023இல் 6022, 75.06. பூ நிறம் 929இல் 705, 75.89. காய் வடிவம் 1181இல் 882, 74.68. காய் நிறம் 580இல் 428, 73.79. பூவின் இடம் 858இல் 651, 75.87. தண்டின் உயரம் 1064இல் 787, 73.97. அவர் கண்ட விதிப்படி நான்கில் மூன்று பங்கு ஓங்கு பண்பைக் காட்ட வேண்டும் என்பதால் எதிர்பார்ப்பு எல்லாவற்றுக்கும் 75.

ஏழுக்கும் வெறுமனே கண்டால் திட்ட விலக்கம் 0.77 புள்ளி, எண்ணிக்கைக்கேற்ப நிறையிட்டால் 0.44. இரண்டுமே தனியாகப் பார்த்தால் எதையும் சொல்லாது, ஏனென்றால் அடியில் நிற்கும் எண்கள் 580லிருந்து 8023 வரை விரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதனதன் தற்செயல் அளவால் அளக்க வேண்டும். விதை நிறத்துக்கு அந்த அளவு 0.48 புள்ளி, காய் நிறத்துக்கு 1.80 புள்ளி. காய் நிறம் 75க்கு 1.21 புள்ளி தள்ளி நிற்கிறது. பட்டியலிலேயே பெரிய விலகல் அதுதான், ஆனால் அதன் சொந்த அளவில் அது மூன்றில் இரண்டு பங்குதான். இப்படி ஏழையும் அளந்தால் ஒன்றுகூடத் தன் திட்ட விலக்கத்தைத் தாண்டவில்லை, மிகப் பெரியதே முக்காலுக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. இந்த அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 7க்கு அருகே வர வேண்டும், வருவது 2.14. விகிதம் 0.55.

இந்த ஏழை மட்டும் வைத்து மெண்டலைச் சந்தேகிப்பது நியாயமாகாது. இவ்வளவு நெருக்கம் தற்செயலாகவே இருபதில் ஒரு முறை நேரக்கூடியது. உயிரியலாளர் ராபேல் வெல்டன் 1902இலேயே இந்த நெருக்கத்தைச் சுட்டினார். 1936இல் ஃபிஷர் மெண்டலின் எல்லாச் சோதனைகளையும் ஒன்றாகக் கூட்டியபோது 84 வர வேண்டிய இடத்தில் 41.6 வந்தது. நேர்மையான குலுக்கலில் இது லட்சத்தில் ஏழு முறை மட்டுமே நேரும். எந்த விடையை எதிர்பார்க்கிறார் என்று தெரிந்த உதவியாளர் ஒருவர் எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருக்கலாம் என்று ஃபிஷர் கருதினார். உருண்டையா சுருக்கமா என்று ஐயம் தந்த விதைகளை எதிர்பார்ப்பின் பக்கம் சேர்த்திருக்கலாம், விகிதம் நன்றாக வந்ததும் எண்ணுவதை நிறுத்தியிருக்கலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மெண்டலின் குறிப்பேடுகள் எரிக்கப்பட்டுவிட்டதால் எதையும் நிரூபிக்க வழியில்லை. என் வரையில், அவர் மேல் ஏமாற்று என்ற சொல்லை வைக்க இந்தக் கணக்கு போதாது.

அவர் கண்ட விதி சரியா என்பதற்கு வேறு சாட்சிகள் இருக்கிறார்கள். மஞ்சள், பச்சைப் பட்டாணிச் சோதனையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரும் திரும்பச் செய்தார்கள். அவர்களில் லாக் என்பவர் 1905இல் எண்ணியவை 1952 விதைகள். அவற்றில் மஞ்சள் 1438, அதாவது 73.67 சதவீதம். 75க்கு 1.33 புள்ளி குறைவு. மெண்டலின் ஏழு சோதனைகளில் எதுவும் இவ்வளவு தள்ளி நின்றதில்லை. 1952 விதைகளுக்குத் தற்செயல் ஆட்டம் 0.98 புள்ளி என்பதால் லாக்கின் எண் முற்றிலும் இயல்பான எண். 1909இல் டார்பிஷயர் என்ற இன்னொருவர் 1,45,246 விதைகளை எண்ணினார். அத்தனை விதைகளுக்கு எதிர்பார்க்க வேண்டிய ஆட்டம் 0.11 புள்ளி. அவருக்கு வந்தது 75.09.